பாஸ்போர்ட் உன் கையிலேயே இருக்கட்டும்

கண்ணு,

பினாங்கு, ஈப்போ எல்லாம் முடித்துக் கோலாலம்பூர் வந்துவிட்டீர்கள் என்று உன் கூட்டாளியின் அம்மா சொன்னாள். நான் அனுப்புவதற்கெல்லாம் ரெண்டு நீலக் கோடு விழுகிறது, பதில்தான் வரவில்லை. நிகழ்ச்சி அலைச்சல், சரி. பாஸ்போர்ட் உன் கையில்தானே இருக்கிறது? பத்திரமாக வைக்கிறோம் என்று கூட்டிப்போனவர்கள் கேட்டாலும் கொடுக்காதே.

பத்துமலை வீடியோ பார்த்தேன். 140 அடி முருகன் காலடியில் நின்று நீ பறை அடித்ததை அம்மா ஊரெல்லாம் காட்டிவிட்டாள். வலது கை அடிக்குச்சி நன்றாக விழுகிறது. வேகம் கூடும்போது இடது கைச் சிண்டுக்குச்சிதான் தோலை விட்டு எழும்பமாட்டேன் என்கிறது. இடது மணிக்கட்டை இறுக்காதே. அந்த ஊர்ப் புழுக்கத்துக்குத் தோல் தொய்யும். மண்டபத்துக்குள் வைக்கோல் கொளுத்திக் காய்ச்ச விடமாட்டார்கள். அதற்காக இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகாதே, பொசுங்கினால் அந்தத் தோல் அவ்வளவுதான். வெயிலில் சாய்த்து வை. இல்லையென்றால் அன்றைக்கு ஃபைபர் பறையை எடுத்துக்கொள். நம் தோலின் கனம் அதில் வராது, பரவாயில்லை.

தாராபுரம் ரோட்டில் பழநிக்குப் போன காவடிக்கு இந்த முறை நாங்கள் நாலு பேர்தான். சின்னப் பையன்கள் நடையில் தடுமாறினார்கள். நீ இருந்திருக்கலாம்.

அங்கே மாலை போட்டு, மேடையில் நாற்காலி போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாமே. கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. உன் தாத்தா கடைசிவரை கோயிலுக்கு வெளியே நின்றுதான் அடித்தார். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவருக்கு இலை. அதைப் பார்த்து வளர்ந்தவன் மனசு என்ன நினைக்கும் என்று எனக்குத் தெரியாதா சாமி?

குழுவில் ரெண்டு பேர் ஓட்டல் வேலைக்கு அங்கேயே நின்றுகொள்ளப்போவதாக இங்கே பேச்சு. யாரென்று நான் கேட்கவில்லை. வாசிக்கப் போன விசாவில் வேறு வேலை பார்க்க முடியாது, தேதி தாண்டினால் ஜெயில்கூட உண்டு. ஒளிந்து திரிகிறவன் எந்த மேடையில் ஏறி அடிப்பான்? பாஸ்போர்ட்டும் திரும்புகிற டிக்கெட்டும் உன் பையிலேயே இருக்கட்டும்.

2025-ல் மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்குப் பறைக்காகவே பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதற்கு முந்தின வருஷம் நம்ம மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்திரப்பனுக்கு, கும்மிக்காக. ரெண்டு பேரும் இந்த மண்ணில் ஆடி, அடித்துத்தான் வாங்கினார்கள்.

பங்குனியில் நம்ம ஊர்க் கோயில் பூச்சாட்டுத் திருவிழா. கோயில் முன்னால் நடுகிற கம்பத்துக்கு அடிக்கச் சொல்லி ஊரிலிருந்து ஆள் வந்தது. கூலியை முன்னாலேயே பேசிவிட வேண்டும், பந்தியில் எல்லோரோடும் சேர்ந்தே எங்களுக்கும் இலை போட வேண்டும், மகன் வந்த பிறகுதான் முடிவு என்று சொல்லி அனுப்பினேன். அட்வான்ஸைக் கையால் தொடவில்லை. இத்தனை வருஷத்தில் நான் இப்படிப் பேசியதில்லை. உன்னை நம்பித்தான் பேசினேன். இன்னும் என்னென்ன கேட்கலாம் என்று யோசித்து வை. நாக்குத் தடுமாறாமல் பேச நீ பக்கத்தில் வேண்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, வேறொன்றுமில்லை. திருச்சியில் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு இறங்குகிறாய்? வண்டிக்கு முன்னாலேயே சொல்லிவைக்கணும். பாஸ்போர்ட் பத்திரம்.

அப்பா