பகிர்ந்த ஃபோல்டர் யார் கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

படங்களையும் ஃபைல்களையும் இணையத்தில் சேமித்து வைக்கும் கிளவுட் சேவைகளில் எது எத்தனை ஜிபி இலவசமாகத் தருகிறது என்று உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் அவ்வப்போது கட்டம் போட்டு வெளியிடுகிறீர்கள். நல்லதுதான். ஆனால் ஒரு ஃபோல்டரை நாலு பேரோடு பகிர்ந்தால் அதில் இருப்பது யார் கணக்கில் இடம் பிடிக்கும் என்று அந்தக் கட்டத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நாங்கள் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

தாத்தாவுக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம் செய்தோம். அவரவர் போனில் எடுத்த படமும் வீடியோவும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று நான் கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் திறந்து, குடும்பத்தில் எல்லோரும் அதில் ஏற்றும்படி அனுமதி கொடுத்தேன். மாதாமாதம் பணம் கட்டிக் கூடுதல் இடம் வைத்திருப்பவன் நான், அதனால் "யாரும் கவலைப்படாதீங்க, எல்லாம் என் இடத்துலதான் போகும்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் பெருமையாக வேறு எழுதினேன். அங்கே ஏற்றுகிறவர் கணக்கில்தான் ஏறும் என்பது அப்போது தெரியாது.

சித்தப்பா மகன் நாலைந்து பெரிய வீடியோக்களை ஏற்றினான். கொஞ்ச நாளில் அவன் போனில் 'இடம் நிரம்பிவிட்டது' என்று வர, அதான் அண்ணன் ஃபோல்டரில் இருக்கிறதே என்று தன் கணக்கில் இருந்தவற்றை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டான் (குப்பையில் கிடப்பதற்கும் இடக்கணக்கு உண்டு, அதுவும் பலருக்குத் தெரியாது). அவனுக்கு மட்டுமா போனது, எங்கள் எல்லோருக்கும்தான். கலசத் தண்ணீர் தலையில் விழுந்ததும் தாத்தா வெடவெடத்துக்கொண்டே பாட்டியைப் பார்த்துச் சிரித்த அரை நிமிடம் அதில்தான் இருந்தது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. விதியைப் படிக்காமல் வாக்குக் கொடுத்தவன் நான்.

அப்புறம் உட்கார்ந்து படித்தேன். சேவைக்கொரு விதி. கூகுள் டிரைவில் ஃபோல்டர் யாருடையதாக இருந்தாலும் ஃபைலை ஏற்றியவர் கணக்கில்தான் கழியும், அந்த இலவச 15 ஜிபியை ஜிமெயிலும் போட்டோஸும் சேர்ந்தே தின்னும், நிரம்பினால் மெயில் வருவதுகூட நின்றுபோகும். ஒன்டிரைவிலும் ஐகிளவுடிலும் அப்படி இல்லை, யார் ஏற்றினாலும் ஃபோல்டரின் சொந்தக்காரர் தலையில்தான் விழும், இலவசமாகக் கிடைப்பதோ 5 ஜிபி. டிராப்பாக்ஸ் இன்னும் வேடிக்கை. தனிநபர் கணக்காக இருந்தால், பகிர்ந்த ஃபோல்டரில் சேர்ந்த ஒவ்வொருவர் கணக்கிலும் அந்த முழு ஃபோல்டரும் ஏறும். அங்கே இலவசம் 2 ஜிபிதான், ஆகவே 3 ஜிபி கல்யாண ஆல்பத்தை ஒருவர் பகிர்ந்தால் இலவசக் கணக்குக்காரர் அதில் சேரவே முடியாது. லிங்க் அனுப்பச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு இடம் கழியாது.

இதெல்லாம் உதவிப் பக்கங்களில் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பகிர் என்ற பட்டனை அழுத்தும்போது எவன் உதவிப் பக்கத்தைத் திறக்கப் போகிறான்? 'இந்த ஃபைல் உங்கள் கணக்கில் ஏறும், நீங்கள் அழித்தால் மற்றவர்களுக்கும் போய்விடும்' என்று அந்த இடத்திலேயே தமிழில் ஒரு வரி காட்டினால் என்ன குறைந்துவிடும்? இடம் நிரம்பியதும் சந்தா கட்டச் சொல்லி மட்டும் உடனே வந்து நிற்கத் தெரிகிறதே.

கம்பெனிகள் செய்யும்போது செய்யட்டும். நீங்கள் அடுத்த முறை அந்தக் கட்டத்தைப் போடும்போது, எத்தனை ஜிபி என்பதற்குப் பக்கத்தில் 'பகிர்ந்தால் யார் கணக்கில்' என்று இன்னொரு நெடுவரிசை சேர்த்துப் போடுங்கள்.

– ஒரு வாசகர், மயிலாடுதுறை