சந்திரதாலில் போலரைசர் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இமாச்சலத்தின் சந்திரதால் ஏரி பற்றிப் பயண இணைப்பில் வந்த கட்டுரை நன்று. ஆனால் படமெடுப்பவர்களுக்கு அதில் சொன்ன இரண்டு யோசனைகளும், அதாவது 'உதயத்துக்குப் போய்ச் சேருங்கள்', 'போலரைசர் (லென்ஸின் முன் மாட்டும் ஒருவகை ஃபில்டர்) அவசியம்', காலை வாரிவிடும்.

ஏரிக்கு மேற்கே, சந்திரா ஆற்றுக்கு அப்பால் நிற்கும் பனிச்சிகரங்களும், அசையாத நீரில் விழும் அவற்றின் பிம்பமும்தான் படத்தின் உயிர். கிழக்கிலிருந்து வரும் முதல் வெயில் அவற்றின் உச்சியில் படும்போது ஏரி இன்னும் நிழலில் கிடக்கும். அந்த இளஞ்சிவப்பு பத்து நிமிடம் நின்றாலே அதிகம். செப்டம்பரில் 6 மணியை ஒட்டி அது தொடங்கிவிடும், உதயத்துக்குப் போய்ச் சேர்ந்தால் தாமதம். ஏரி 2005 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலம். கரையில் கூடாரம் போட அனுமதியில்லை, இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளித்தான் தங்க வேண்டும். 4,200 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 60 சதவீதம்தான் என்பதால், ஊரில் அரை மணியில் நடக்கிற தூரம் அங்கே ஒரு மணி நேரம் இழுக்கும். 4 மணிக்குக் கிளம்பினால்தான் இருட்டு விலகுமுன் கேமரா முக்காலியை ஊன்ற முடியும். வெயில் சரிவுகளைச் சூடாக்கியதும் காற்று எழும். 8 மணிக்குப் போகிறவருக்குக் கிடைப்பது சிற்றலை ஓடும் நீலம். அதுவும் அழகுதான், ஆனால் அது வேறு படம்.

இனி போலரைசர். நீர்ப்பரப்பின் பளபளப்பை அடக்குவதே அதன் வேலை. நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ 37 டிகிரி சாய்வில் பார்க்கும் இடத்தில் பிம்பத்தைக் கிட்டத்தட்ட முழுதாகத் துடைத்துவிடும். நாம் தேடிப்போனதே அந்தப் பிம்பத்தைத்தானே! சூரியன் முதுகுப் பக்கம் இருக்கையில் வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கவும் அதனால் ஆகாது. கூடவே ஒன்றரை ஸ்டாப் ஒளி நஷ்டம் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). நண்பகலில் கரையோரத் தெளிநீருக்கடியில் கிடக்கும் கூழாங்கற்கள் வேண்டுமானால் மாட்டிக்கொள்ளலாம்.

முக்காலியை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள். நேர் கீழே பார்த்தால் நீர் 2 சதவீத ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். பார்வை எவ்வளவு தாழ்ந்து சாய்கிறதோ அவ்வளவு பிம்பம் தெளியும். முக்காலியின் கால்களைச் சேற்றில் ஊன்றாதீர்கள். சில நொடி எக்ஸ்போஷரிலேயே (ஒளி பதியும் நேரத்திலேயே) ஒரு கால் இம்மியளவு புதையும். கேமராத் திரையில் தெரியாது, வீட்டில் பெரிதாக்கும்போதுதான் சிகரம் இரட்டைக் கோடாகத் தெரியும்.

லென்ஸ் துளை எஃப் 8 முதல் 11, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100, இரண்டு விநாடி டைமர், கேமரா பதப்படுத்தாத ரா ஃபைல். நிறச் சமநிலையான ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் திரையில் அந்தச் சிவப்பு வெளிறி, எடுத்தது சரிதானா என்ற குழப்பம் வரும். 5,200 கெல்வினில் நிறுத்துங்கள். ஒளியளவைப் பனிக்கு ஏற்ப வையுங்கள், நீருக்கு அல்ல. வெளுத்துப்போன பனியை எந்த மென்பொருளும் மீட்டுத்தராது.

பிம்பம் எப்போதும் மலையைவிட ஒன்றிரண்டு ஸ்டாப் மங்கலாகவே இருக்கும். அதைச் சமன்செய்ய, மேல்பாதி மட்டும் கருமையான கிராஜுவேட்டட் ஃபில்டர் போடுபவர்கள் அளவு மீறிவிடுகிறார்கள். கட்டுரையோடு வெளியான படத்திலேயே பாருங்கள், தண்ணீரில் தெரியும் சிகரம் மேலே இருக்கும் சிகரத்தைவிடப் பிரகாசமாக இருக்கிறது. இயற்கையில் அது நடக்காது. 2 ஸ்டாப் சாஃப்ட் ஃபில்டரே உச்சவரம்பு.

குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். உபரியை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். திரும்பி வந்து சூடான கூடாரத்துக்குள் நுழையுமுன் கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிவிட வேண்டும். இல்லையென்றால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும். பையோடு ஒரு மணி நேரமாவது அப்படியே கிடக்கட்டும்.

கட்டுரையில் விட்டுப்போனது இன்னொன்று. சுமார் 2,000 மீட்டரில் இருக்கும் மணாலியிலிருந்து ஒரே நாளில் ஏரிக்கு ஏறினால் இரவே தலைவலியும் குமட்டலும் பிடித்துக்கொள்ளலாம். 4 மணிக்கு எழ முடியாது. சிம்லா, கின்னௌர், காசா வழியாகச் சில நாள் தங்கித் தங்கி உயரம் ஏறி, குன்சம் கணவாய் தாண்டி வருவது நல்லது. அடுத்த முறை இந்த வழியையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்