பாப் டெய்லரை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு வணக்கம். சிறந்த விக்கெட் கீப்பர்கள் என்று நீங்கள் போட்ட பட்டியலைப் பார்த்தேன். யார் பட்டியல் போட்டாலும் இங்கிலாந்தின் டெர்பிஷயர் அணி கீப்பர் பாப் டெய்லர் விட்டுப்போகிறார். முதல்தரப் போட்டிகளில் 1,649 பேரை ஆட்டமிழக்கச் செய்தவர், இன்றும் அதுதான் உலக சாதனை. 1971இல் ஒரே ஒரு டெஸ்ட், அப்புறம் இங்கிலாந்தின் முதன்மை கீப்பர் ஆலன் நாட், கெர்ரி பாக்கர் நடத்திய தனிப் போட்டித் தொடருக்குப் போகும்வரை ஆறு வருஷத்துக்கு மேல் காத்திருப்பு. நாட் பேட்டிங்கில் கெட்டி, சரி, ஆனால் கீப்பிங்குக்கு டெய்லர்தான் என்பேன். 1980 பம்பாய் டெஸ்டில் 10 கேட்ச் பிடித்தார், அதே ஆட்டத்தில் டெய்லர் பேட் செய்தபோது நடுவர் அவுட் கொடுத்த பிறகும் அவரைத் திரும்ப அழைத்தார் நம் கேப்டன் விஸ்வநாத் (இப்போது யார் செய்வார்கள்?), அவரும் போத்தமும் 171 ரன் சேர்க்க, ஆட்டமே நம் கைவிட்டுப் போனது. ஓய்வுபெற்ற பிறகு 1986இல், லார்ட்ஸ் டெஸ்டில் இங்கிலாந்து கீப்பருக்கு அடிபட, விருந்தினர்களைக் கவனித்துக்கொண்டிருந்த இவரை 45 வயதில் மாற்று கீப்பராக இறக்கினார்கள்.

– வாசகர், மதுரை