இரண்டு வரிக்குப் பதில்

பாபநாசம்,
ஆடி 25.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் ஆடிப்பெருக்குக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. பேத்தியின் பள்ளிக்கூடம், குறுவைக்கு உரம் கிடைக்காமல் நீ அலைந்த கதை, மயிலாடுதுறைக் கடைத்தெருவின் நெரிசல் என்று மூன்று பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் "வெளிக்குப் போகும்போது இரத்தம் படுகிறது, உடம்புச் சூடுதான், இளநீர் குடித்தால் அடங்கிவிடும்" என்று இரண்டு வரியில் முடித்துவிட்டாய். நான் பதில் எழுத உட்கார்ந்திருப்பது அந்த இரண்டு வரிக்காகத்தான்; உரத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம்.

இதே இரத்தத்தை நானும் இரண்டு ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தேன். வெள்ளை வேட்டியை விட்டுக் காவி வேட்டிக்கு மாறியபோது, எனக்குப் பக்தி முற்றிவிட்டதென்று என் மனைவி நினைத்துக்கொண்டாள். பேருந்து நிலையச் சுவரில் "மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் நிரந்தரத் தீர்வு" என்று ஒட்டியிருந்த சுவரொட்டியை நம்பிப் போய், ஒரு பொட்டலம் சூரணம் வாங்கி வந்தேன். அது வெறும் பேதி மருந்து. பத்து நாள் வயிறு கழிந்ததில் புண்ணும் எரிச்சலும் கூடியதுதான் மிச்சம்.

அதன் பிறகுதான் தஞ்சாவூரில் ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் போனேன். விரலாலும் ஒரு சிறு குழாயாலும் பார்த்த சோதனை ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பயந்தா இரண்டு ஆண்டுகள் ஓடினேன் என்று வெட்கமாக இருந்தது. மூலம் என்பது புதிதாக முளைப்பதன்று என்றார் அவர். ஆசனவாயின் உட்புறத்தில் இரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற சதை எல்லோருக்கும் உண்டு. மதகுப் பலகையின் இடுக்கை அடைக்கும் சாக்குத்துணி போல, வாய் கசியாமல் மூடிக்கொள்ள அது உதவுகிறது. ஆண்டுக்கணக்கில் முக்கி முக்கிப் போனால் அதைப் பிடித்திருக்கும் திசு தளர்ந்து, சதை வீங்கிக் கீழே சரிகிறது. உள்மூலம் பெரும்பாலும் வலிக்காது, பளிச்சென்ற சிவப்பு இரத்தம் மட்டும் சொட்டும். வெளிமூலத்தில் இரத்தம் உறைந்துவிட்டால் ஒரே நாளில் கருநீலக் கட்டி தோன்றி உட்கார முடியாமல் வலிக்கும். கத்தியால் கீறுவது போன்ற வலி மலம் போகும்போது வந்தால் அது பெரும்பாலும் மூலமன்று, ஆசனவாயில் ஏற்படும் வெடிப்பு.

என்னுடையது இரண்டாம் நிலை: முக்கும்போது வெளியே வந்து தானாக உள்ளே போய்விடுவது. சதையின் அடியில் ஒரு சிறு ரப்பர் வளையத்தை மாட்டினார்கள். இரத்த ஓட்டம் நின்று, ஒரு வாரத்தில் அது சுருங்கி விழுந்துவிட்டது. மயக்க மருந்தும் இல்லை, படுக்கையும் இல்லை. நீ இதயத்துக்காக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவன். அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடு, நீயாக நிறுத்திவிடவும் கூடாது. எனக்கு வயது அறுபதைக் கடந்ததால் பெருங்குடல் முழுவதையும் குழாய் விட்டுப் பார்க்கச் சொன்னார் மருத்துவர். குடல் புற்றுநோயிலும் இரத்தம் போகும் என்பதால், மூலம் இருப்பது தெரிந்தாலும் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டுமாம். எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு முந்தைய நாள் வயிற்றைக் கழுவக் குடித்த மருந்தின் சுவையை நான் என் எதிரிக்கும் விரும்ப மாட்டேன்.

காரணத்தை யோசித்தால் சிரிப்பு வருகிறது. முப்பது ஆண்டுகள் அரிசி ஆலையில் கணக்கெழுதியவன் நான். நெல்லைத் தீட்டித் தீட்டி, தவிட்டை எண்ணெய்க்கு அனுப்பிவிட்டு, நார் இல்லாத வெள்ளை அரிசியை மூன்று வேளையும் தின்றேன். லாரி நிற்கிறதே என்று, வந்த உந்துதலை அடக்கிக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பேன். தேங்கிய மலத்திலிருந்து குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அது இறுகிவிடும் என்று அப்போது யார் சொன்னார்கள்? நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டுமாம். இப்போது மதியச் சோறு பாதியாகிவிட்டது. கீரைத்தண்டு, வாழைப்பூ, கொய்யா, கொண்டைக்கடலை மீதியை நிரப்புகின்றன. நம் பாட்டிமார் புளி விட்டு வேகவைத்த கருணைக்கிழங்கும் உண்டு. அது நல்ல உணவு, ஆனால் அதை மட்டும் நம்பி மருத்துவரைத் தள்ளிப்போடாதே. இரவில் ஒரு கரண்டி இசப்கோல் உமியை ஒரு தம்ளர் தண்ணீரில் கலந்து குடிக்கிறேன். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். எதையும் திடீரென்று கூட்டாதே, வயிறு உப்பும்.

மகன் கட்டிய புதுக் கழிப்பறையில் கால் தொங்குவது எனக்கு ஒத்துவரவில்லை. காலடியில் ஒரு முக்காலி போட்டதும் முழங்கால் உயர்ந்து, முக்காமலேயே போகிறது. செய்தித்தாளையும் செல்பேசியையும் வெளியே வைத்துவிட்டேன். எரிச்சல் இருக்கும் நாளில் அகலமான பேசினில் வெதுவெதுப்பான நீர் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பார், மருந்தெதுவும் கலக்க வேண்டாம்.

மலம் கருத்துப் போனாலோ, தலை சுற்றினாலோ, உடம்பு இளைத்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காதே. இல்லாவிட்டாலும் வரும் திங்கட்கிழமை காலை ரயிலில் ஏறிவிடு. நான் பாபநாசத்தில் அதே வண்டியில் ஏறிக்கொள்கிறேன். தஞ்சாவூரில் இறங்கிச் சேர்ந்தே போகலாம். நீ சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை மறக்காமல் கொண்டு வா.

உன் அன்பு நண்பன்.