பாப்பாவுக்கு, ஒரு பக்கெட் எண்ணெய் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே உன்னை யாராவது ஷிப்டுக்குக் கூப்பிட்டுவிடுகிறார்கள், மீதிப் பேச்சு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. அதனால் உட்கார்ந்து எழுதியே விடலாம் என்று தோன்றியது. அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. வீட்டுக் கதையெல்லாம் அவளே சொல்வாள், நான் வேலைக் கதைக்கு வருகிறேன்.

உங்கள் அனல் மின் நிலையத்தில் எல்.டி.ஓ. என்கிற லேசான டீசல் எண்ணெய் பம்ப் பக்கம் ஒரு ஃபிளாஞ்சில், அதாவது குழாய் இணைப்பில், கசிந்து பக்கெட் அளவு எண்ணெய் தரையில் கிடந்தது, துடைத்தாயிற்று, லாக் புத்தகத்தில் எழுதட்டுமா என்று கேட்டதற்கு உன் மூத்தவர் சிரித்தார் என்றாய். "ஒரு பக்கெட் ஆயிலுக்கெல்லாம் ரிப்போர்ட்டா?" என்றாராம். எழுது. என் பதில் அவ்வளவுதான். ஏன் என்று சொல்லத்தான் இத்தனை தாள்.

அவர் எண்ணெயை லிட்டரில் அளக்கிறார். அனல் மின் நிலையத்தில் கசிவைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது எவ்வளவு என்பது இல்லை, எங்கே என்பது. ஜெனரேட்டர் டிரான்ஸ்பார்மருக்குக் கீழே ஜல்லி போட்ட குழியில் பத்து லிட்டர் விழுந்தால் அது விழ வேண்டிய இடத்தில்தான் விழுந்திருக்கிறது. அதே பத்து லிட்டர் மழைநீர் வடிகாலில் இறங்கினால் வேறு கதை. தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் தெரியும் படலம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்க வேண்டியதில்லை. அதன் மெல்லிய கனத்தில் கணக்குப் போட்டால் ஒரே ஒரு லிட்டர் முக்கால் ஏக்கருக்கு மேல் பரவும். உங்கள் வடிகால் கடைசியில் போய்ச் சேருவது ரிஹந்த் நீர்த்தேக்கத்தில். அங்கே மீன் பிடிக்கிறவர்களும் கரையோரத்துக் கிராமங்களும் இருப்பது உனக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அமெரிக்காவில் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்கும். ஆறு, ஏரி மாதிரி நீர்நிலையில் எண்ணெய்ப் படலம் கண்ணுக்குத் தெரிந்தால் தேசிய அவசர மையத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். எத்தனை லிட்டர் என்ற பேச்சே கிடையாது, பளபளப்பு தெரிந்தால் போதும். நம் ஊர்ச் சட்டமும் லேசுப்பட்டது இல்லை. 1974 தண்ணீர்ச் சட்டத்தின் 31-வது பிரிவு, விபத்தால் மாசு ஓடையிலோ கிணற்றிலோ நிலத்திலோ கலந்தாலும், கலக்கக்கூடும் என்றாலும், பொறுப்பில் இருப்பவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உடனே சொல்ல வேண்டும் என்கிறது. 1986 சுற்றுச்சூழல் சட்டத்தின் 9-வது பிரிவும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. 'கலக்கக்கூடும்' என்பதைக் கவனி. கலந்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. அதற்காக நீயே வாரியத்துக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருக்காதே. வெளியே சொல்லலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய உங்கள் சுற்றுச்சூழல் பிரிவு இருக்கிறது. ஆனால் அவர்கள் முடிவு செய்ய வேண்டுமென்றால் கசிவு நடந்தது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது உன் கையில் இருக்கிறது.

இன்னொரு இடமும் உண்டு, அது ஆளையே கொல்லும். டர்பைன் பக்கம் பிரதான நீராவிக் குழாய் 540 டிகிரியில் ஓடுகிறது. டர்பைன் எண்ணெய் தானாகத் தீப்பிடிக்கும் வெப்பம் அதற்கு வெகு கீழே. ஒரு சின்ன ஆயில் லைனில் யூனியன் என்கிற குழாய் இணைப்பு தளர்ந்து சொட்டினால் தரையில் ஒன்றும் தெரியாது, எல்லாவற்றையும் வெப்பம் காக்கக் குழாயைச் சுற்றிக் கட்டிய லேகிங் கம்பளி குடித்துவிடும். எண்ணெய் குடித்த லேகிங் விளக்குத் திரி மாதிரிதான். முதலில் லேசாகப் புகையும், பெயின்ட் வாடையோ என்று எல்லோரும் நினைப்பார்கள். அங்கே துணியால் துடைப்பதில் பயனே இல்லை. கசிவை நிறுத்தி, நனைந்த லேகிங்கை முறைப்படி பர்மிட் போட்டு வெட்டி எடுத்து, புதிதாகக் கட்ட வேண்டும். அதுவரை தீயணைப்பு ஆட்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும். ஒரு கிண்ணம் எண்ணெயாக இருந்தாலும் அங்கே அது 'மைனர்' கிடையாது.

சரி, எண்ணெய் வகைக்கு வருவோம். உங்கள் பயிற்சி வகுப்பில் எல்லாவற்றையும் 'ஆயில் ஸ்பில்' என்று ஒரே தலைப்பில் சொல்லி முடித்திருப்பார்கள். ஃபர்னஸ் ஆயில், கொதிகலனில் எரிக்கும் கனத்த எண்ணெய், சூடாக இருக்கும்வரைதான் நன்றாக ஓடும். தரையில் விழுந்து ஆறினால் தாரைப் போலத் தடித்துவிடும், பெரும்பாலும் மண்வெட்டியால் வழித்து எடுக்கலாம். கையைச் சுடும் என்பதுதான் முதல் ஆபத்து. எல்.டி.ஓ. அப்படி இல்லை, நீ கசிவைத் துடைக்கும் ஸ்பில் கிட் எடுத்து வருவதற்குள் வடிகாலைத் தேடிப் போயிருக்கும். அதனால் எல்.டி.ஓ. கசிந்தால் எண்ணெய் இருக்கும் இடத்துக்கு ஓடாதே, எண்ணெய் போகப்போகும் இடத்துக்கு ஓடு. முதலில் வடிகால் வாயை அடை. ஒருவர் வால்வை மூடட்டும், இன்னொருவர் வடிகாலுக்குப் போகட்டும். துடைப்பதெல்லாம் அப்புறம்.

டர்பைன் கன்ட்ரோல் சிஸ்டத்தில் எளிதில் தீப்பிடிக்காத திரவம் ஒன்று ஓடுமே, பாஸ்பேட் எஸ்டர், அதைத் தனியாகச் சொல்கிறேன். பார்க்க எண்ணெய் மாதிரியே இருக்கும். ஆனால் தண்ணீரைவிடக் கனமானது, மிதக்காமல் அடியில் போய்த் தங்கும். வானவில் எதுவும் தெரியாது. மேலே மிதப்பதை வழித்தெடுக்கக் கட்டிய ஆயில் பிட்டும் அதைப் பிடிக்காது. பெயின்டை உரிக்கும், தோலையும் விடாது. கையுறை இல்லாமல் யாரையும் தொடவிடாதே, அதைத் துடைத்த துணியை மற்ற எண்ணெய்த் துணியோடு ஒரே டிரம்மில் போடவும் விடாதே.

தடுப்பு வேலையில் நான் பார்த்தவரை பாதிச் சேதத்தைச் செய்வது எண்ணெய் இல்லை, தண்ணீர்க் குழாய்தான். கசிவைப் பார்த்ததும் யாராவது ஹோஸை எடுத்து அடித்துவிடுவார்கள். தரை பளிச்சென்று ஆகும், எல்லோருக்கும் திருப்தி. எண்ணெய் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. அதைவிட மோசம் சோப்பு ஆயில் போட்டுக் கழுவுவது. எண்ணெய் பொடிப்பொடியாக உடைந்து தண்ணீரோடு கலந்துவிட்டால் ஆயில் பிட்டில் மேலே எழும்பவே எழும்பாது, நேராக வெளியே போகும். அனல் நிலையக் கழிவுநீருக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம் எண்ணெய், கிரீஸ் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். சோப்புப் போட்டுக் கழுவிய நாளில் அந்த வரம்பு என்ன பாடுபடும் என்று உங்கள் ஆய்வகத்தில் கேட்டுப் பார்.

மணல், மரத்தூள், உறிஞ்சும் பேட், நம் ஊர்ப் பனியன் வேஸ்ட் துணி, எதுவானாலும் சுற்றிலும் கரை கட்டிவிட்டு உள்நோக்கி வேலை செய்யச் சொல். நடுவில் கொட்டினால் ஓரம் இன்னும் பரவும். எண்ணெய் ஏற்கெனவே ஓடும் வடிகாலில் இறங்கிவிட்டால் மணல் மூட்டையை அடுக்கி முழுசாக அடைக்க முடியாது, பின்னால் வரும் தண்ணீர் மேலே ஏறிக் குதித்துவிடும். அதற்கு ஒரு வழி உண்டு. மூட்டைகளுக்கு நடுவில் ஒரு குழாயைச் சாய்வாகச் செருகு. எண்ணெய் தேங்கும் பக்கத்து வாய் தண்ணீருக்குள் ஆழத்தில் இருக்க வேண்டும், வெளிப்பக்கத்து வாய் உயரத்தில். அடித்தண்ணீர் மட்டும் குழாய் வழியே ஏறிப் போகும், மேலே மிதக்கும் எண்ணெய் இந்தப் பக்கமே நிற்கும். குழாயை மாற்றிச் செருகினால் எண்ணெய் போய்த் தண்ணீர் நிற்கும். அவசரத்தில் அப்படிச் செருகிய ஆட்களும் உண்டு. மழைக்காலம் வரும்முன் ஒரு தடவை வெறும் தண்ணீரில் செய்து பார்க்கச் சொல்.

மழை என்றதும் நினைவுக்கு வருகிறது. எண்ணெய் டேங்கைச் சுற்றியுள்ள டைக் சுவருக்கு ஒரு வடிகால் வால்வு இருக்கும். டேங்க் உடைந்தால் முழு எண்ணெயையும் பிடிக்கத்தான் அந்தச் சுவர். மழைநீர் தேங்கியது என்று வால்வைத் திறந்துவிட்டு மூட மறந்தால் அது வெறும் செங்கல். உங்கள் வால்வு பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம், திறக்கும்முன் தண்ணீர்மேல் படலம் இருக்கிறதா என்று பார்ப்பது யார் என்று நாளைக்கே போய்ப் பார்.

துடைத்து எடுத்ததை எங்கே போடுகிறார்கள் என்றும் பார். எண்ணெய்த் துணியும் மணலும் அபாயக் கழிவு, 2016 விதிப்படி கணக்கு வைத்து, வழக்கமாக 90 நாளுக்குள் அனுமதி உள்ளவரிடம் ஒப்படைக்க வேண்டும். நிலக்கரி யார்டு மூலையில் கொட்டி மூடினால் கசிவு இடம் மாறியது, அவ்வளவுதான்.

இப்போது லாக் புத்தகத்துக்கு வருகிறேன். நான் இருந்த நிலையத்தில் நிலக்கரி அரைக்கும் ஒரு மில்லின் கியர் பாக்ஸுக்கு மாதக்கணக்கில் எண்ணெய் டாப்-அப் போய்க்கொண்டே இருந்தது. ஸ்டோரில் டிரம் டிரம்மாக வாங்கினார்கள். கசிவு என்று லாக்கில் ஒரு வரி கிடையாது, தரையும் சுத்தம். எண்ணெய் ஆவியாகவா போயிற்று? ஆய்வகத்தில் இருந்த அம்மா ஒருவர்தான் ஸ்டோர் கணக்கையும் லாக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். கடைசியில் பார்த்தால் ஆயில் கூலரில் டியூப் ஓட்டை. எண்ணெயின் அழுத்தம் தண்ணீரைவிட அதிகம், அதனால் எண்ணெய் கூலிங் வாட்டரோடு சேர்ந்து வெளியேறிக்கொண்டிருந்தது. தரையில் ஒரு சொட்டும் விழாமல் அத்தனை டிரம். டாப்-அப் ரிஜிஸ்டர் பொய் சொல்லாது பாப்பா, ஊற்றிய எண்ணெய் எங்கேயாவது போயிருக்கத்தான் வேண்டும். நொடிக்கு ஒரு சொட்டு விழும் கசிவே ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தாண்டும், போட்டுப் பார்.

எழுதும்போது 'மைனர் லீக், அட்டெண்டட்' என்று முடித்துவிடாதே, அதில் யாருக்கும் ஒன்றும் புரியாது. எந்த எண்ணெய், எந்த வால்வு அல்லது ஃபிளாஞ்ச், எப்போது பார்த்தாய், எவ்வளவு இருக்கும், வடிகால்வரை போயிற்றா, என்ன செய்தாய், என்ன பாக்கி. அளவு தெரியாது என்று விடாதே. இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் திட்டு, ஒரு மில்லிமீட்டர் கனம் என்றால் இரண்டு லிட்டர். தோராயம்தான், பரவாயில்லை, தோராயம் என்றே எழுது. அதே ஃபிளாஞ்ச் நாலாவது தடவை லாக்கில் வரும்போது இணைப்புக்கு நடுவில் கசியாமல் வைக்கும் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் போதாது, பைப் சப்போர்ட்டைப் பார்க்க வேண்டும் என்று யாருக்காவது உறைக்கும். உன் மூத்தவர் சிரித்த அந்தப் பக்கெட்டும் அதில் ஒரு தடவையாக இருக்கலாம்.

அப்புறம், ஆட்கள் ஏன் சொல்வதில்லை என்று யோசித்திருக்கிறாயா? கசிவை முதலில் பார்ப்பது ஏ.சி. அறையில் இருக்கும் நீங்கள் இல்லை. கூட்டும் அம்மா, கிரீஸ் போடும் ஹெல்பர், ஒப்பந்தத்தில் வரும் பையன்கள். அவர்கள் வந்து சொன்னதும் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி "யார் பண்ணினது?" அதோடு முடிந்தது. அடுத்த தடவை அந்தப் பையன் கால்செருப்பால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போவான், ஒரு நாள் கூலி போய்விடுமோ என்ற பயம் அவனுக்கு. நீ முதலில் "எங்கே?" என்று கேள். யார் என்பதை அப்புறம் பார்க்கலாம், பெரும்பாலும் யாருமே இருக்க மாட்டார்கள், பழைய கேஸ்கெட்தான் இருக்கும்.

மேலிடத்திலும் இதே குணம்தான், அளவுதான் பெரியது. 2020 மே 29-ஆம் தேதி ரஷ்யாவில் நொரில்ஸ்க் அனல் மின் நிலையத்தில் டீசல் டேங்க் சரிந்து சுமார் 20,000 டன் கொட்டியது, அம்பர்னயா ஆறு சிவப்பாக ஓடியது. இரண்டு நாள் தாங்களே அடக்கப் பார்த்தார்கள் என்று அந்நாட்டு அவசரகால அமைச்சர் குற்றம் சாட்டினார். சமூக ஊடகத்தில் பார்த்துத்தான் தெரிந்தது என்றார் மாகாண ஆளுநர். உடனே சொன்னோம் என்று நிறுவனம் மறுத்தது. அடுத்த வருடம் நீதிமன்றம் விதித்த தொகை சுமார் 14,600 கோடி ரூபிள். அவ்வளவு தூரம் போவானேன், 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்றுதான் முதல் அறிவிப்பு வந்தது. பிறகு கரையில் பக்கெட்டால் அள்ளினார்களே, டி.வி.யில் பார்த்தாயே.

மூத்தவரோடு சண்டை போடாதே. "சார், எனக்குப் பழகட்டும் என்று எழுதிக்கொள்கிறேன்" என்று சொல், புது ஆள் என்று விட்டுவிடுவார். அப்படியே அந்த எல்.டி.ஓ. பம்ப் இருக்கும் இடத்திலிருந்து தரை எந்தப் பக்கம் சரிகிறது, முதல் வடிகால் வாய் எத்தனை அடியில் இருக்கிறது என்று நடந்து பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போன் செய். டாப்-அப் ரிஜிஸ்டரில் போன ஆறு மாதத்தையும் புரட்டி வை, சேர்ந்தே பார்க்கலாம். பனியன் வேஸ்ட் அங்கே கிடைக்கவில்லை என்றாயே, திருப்பூரில் உன் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், ஒரு மூட்டை பார்சலில் வரும்.

அன்புடன்,
அப்பா