'தொழில்நுட்பக் காரணம்' என்றால் போதுமா?

ஆசிரியருக்கு,

மதுரை விமான நிலையத்தில் 'தொழில்நுட்பக் காரணத்தால் தாமதம்' என்று அறிவித்ததும் பயணிகள் கொதிப்பது நியாயமே. ஆனால் கட்டாயப் பாதுகாப்பு மாற்றத்துக்காக விமானத்தை நிறுத்துவதை அலட்சியத்தோடு சேர்க்கக் கூடாது.

ஓர் உதாரணம்: 2025 அக்டோபர் 30 அன்று கான்கூனிலிருந்து நியூவர்க் சென்ற ஜெட்புளூ ஏ320 விமானம், விமானியின் கட்டளை இல்லாமலேயே மூக்கைத் தாழ்த்தியது. பயணிகள் காயமடைந்தார்கள். கடுமையான சூரியக் கதிர்வீச்சு 'ஈலாக்' கணினியின் தரவைச் சிதைக்கக்கூடும் என்று விமானத்தைத் தயாரித்த ஏர்பஸ் அறிவித்தது. விமானியின் கைப்பிடி அசைவை எலிவேட்டருக்கும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) எய்லரானுக்கும் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்) கட்டளையாக மாற்றுவது இந்தக் கணினிதான். ஒரு விமானத்தில் இரண்டு இருக்கும். நவம்பர் 28-இல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பின் அவசர ஆணை, மறுநாளே நம் நாட்டு விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் உத்தரவு. அந்தக் கணினியின் எல்104 மென்பொருளை எடுத்துவிட்டு முந்தைய எல்103+ பதிப்பை ஏற்ற வேண்டியிருந்தது. இதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் போதுமானதாக இருந்தது. சில பழைய விமானங்களுக்குக் கணினிப் பெட்டியையே மாற்ற வேண்டியிருந்தது. அங்கேதான் நாள் கூடியது.

அடுத்த முறை, எந்தப் பாகம், யார் ஆணை, எத்தனை மணி நேரம் என்று நிறுவனங்கள் தமிழிலேயே அறிவிக்கட்டும். பயணிகளும் பொறியாளரை அவசரப்படுத்த வேண்டாம். சோதித்துக் கையெழுத்திட அவருக்கு நேரம் வேண்டும்.

- விமானப் பராமரிப்புப் பணியாளர்கள், பெருங்குடி, மதுரை