ஆண்டறிக்கை: மார்ஃபின் மாத்திரையும் டாக்டர் ராஜகோபாலும்

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள், வீடு வீடாகப் போய்வரும் தன்னார்வலர்கள், நோயாளிகளின் குடும்பத்தார் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்கள் நடந்தன, மழைக்காலத்தில் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. தண்ணீர்ப் படுக்கை, சக்கர நாற்காலி இரவல் கொடுப்பதும் வழக்கம்போலத்தான். தேவை முடிந்தவர்கள் சீக்கிரம் திருப்பித் தந்துவிடுங்கள், கேட்டுக் காத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன.

இந்த வருடம் நம் வாசிப்பு வட்டத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலின் பணியைத்தான் முழுக்க எடுத்துக்கொண்டோம். ஏன் இவர் என்று சிலர் கேட்டீர்கள். நம் குமரி மாவட்டத்துக்காரர்கள் புற்றுநோய் என்றதும் திருவனந்தபுரத்துக்குத்தான் பஸ் ஏறுகிறோம், அங்கே எழுதிக் கொடுக்கும், அபினியிலிருந்து எடுக்கும் கடும் வலிக்கான மார்ஃபின் மாத்திரையை நம் பக்கத்துக் கடையில் கேட்டால் கையை விரிக்கிறார்கள். இந்த மாத்திரை ஏன் இவ்வளவு அரிதானது, அதை நோயாளியின் கைக்குக் கொண்டுவர ஒரு டாக்டர் எத்தனை வருடம் போராடினார் என்பது நமக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

அவர் மயக்கவியல் மருத்துவர். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்தபோது, புற்றுநோய் வலியோடு ஒரு கல்லூரி ஆசிரியர் வந்திருக்கிறார். நரம்பில் ஊசி போட்டதும் வலி போய்விட்டது. மறுபடி எப்போது வரவேண்டும் என்று கேட்டவரிடம், இனி வரத் தேவையில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தன் நோய் குணமாகாது என்பதே அந்த மனிதருக்கு அப்போதுதான் புரிந்தது, அன்றிரவே உயிரை மாய்த்துக்கொண்டார். ராஜகோபால் இதை எதையும் மறைக்காமல் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். நரம்பை மட்டும் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை என்ற அந்த உறுத்தல்தான் 1993ல் டாக்டர் சுரேஷ்குமார், தன்னார்வலர் அசோக்குமார் ஆகியோரோடு சேர்ந்து கோழிக்கோட்டில் வலி, பாலியேட்டிவ் கேர் (நோயைக் குணமாக்க முடியாதபோதும் வலியையும் வேதனையையும் குறைக்கும் பராமரிப்பு) அமைப்பைத் தொடங்கும் வரை அவரைக் கொண்டுபோனது என்று நான் நினைக்கிறேன்.

அங்கே முதல் தடையே சட்டம்தான். 1985ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது, தவறினால் குறைந்தது 10 வருடச் சிறை. மார்ஃபின் வைத்திருக்க ஒரு மருத்துவமனை அப்போது நாலைந்து உரிமம் வாங்கவேண்டியிருந்தது, ஒவ்வொன்றும் ஒரு துறையிடம், அத்தனையும் ஒரே நேரத்தில் செல்லுபடியாகவும் இருக்கவேண்டியிருந்தது. யார் அலைவார்கள்? மருந்துக் கடைகள் வைப்பதையே விட்டுவிட்டன. 1985லிருந்து 1997க்குள் நாட்டில் மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு சுமார் 97 சதவீதம் விழுந்தது. அபினியோ நம் நாட்டிலேயே, மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு விளைந்து வெளிநாட்டுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. இதை வாசித்த அன்று கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

வீட்டுக்குக் கொடுத்தால் வெளியே விற்றுவிடுவார்கள் என்பதுதான் அதிகாரிகளின் பயம். ராஜகோபால் அதற்கு ஆராய்ச்சியால் பதில் சொன்னார். வீட்டிலேயே மார்ஃபின் சாப்பிட்ட 1,723 நோயாளிகளை 2 வருடம் கவனித்ததில், தவறாகப் பயன்படுத்தியதோ வெளியே கடத்தியதோ ஒன்றுகூடத் தெரியவரவில்லை. 2001ல் லான்செட் என்ற மருத்துவ ஆராய்ச்சி இதழில் அந்தக் கட்டுரை வந்தது. அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு டில்லிக்கும் மாநிலத் தலைநகரங்களுக்கும் மாறி மாறிப் போனார்கள். 2003ல் திருவனந்தபுரத்தில் அவர் தொடங்கிய பாலியம் இந்தியா அமைப்பு, 2008ல் கேரள அரசின் பாலியேட்டிவ் கேர் கொள்கை, கடைசியில் 2014ல் சட்டத் திருத்தம். இப்போது மார்ஃபின் உட்பட 6 மருந்துகளுக்கு நாடு முழுக்க ஒரே விதி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அங்கீகாரம் போதும். 2018ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எனக்கு அதைவிட அந்த 1,723 பேர் கணக்குதான் பெரிதாகத் தெரிகிறது.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். ரப்பர் பால் வெட்டும் வேலையில் இருந்த ஒரு அண்ணாச்சி, எலும்பு வரை பரவிய நோய். வலி எவ்வளவு என்றால் "ரூபாய்க்குப் பதினாலணா" என்பார், பதினாறணா என்றால் முழு வலி. 10 மில்லிகிராம் மாத்திரை, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரும்வரை காத்திராமல் மணி பார்த்துத் தரவேண்டும். மலச்சிக்கலுக்கும் மருந்து கூடவே உண்டு. அக்கா ஒரு பழைய பால் கணக்கு நோட்டில் நேரம் எழுதி டிக் போட்டு வைத்திருந்தார், ஒரு மாத்திரை பிசகவில்லை. இரண்டாவது வாரம் "நாலணா" என்றார், எழுந்து உட்கார்ந்து கட்டங்காப்பி குடித்தார்.

ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். மூட்டுவலி, முதுகுவலிக்கெல்லாம் மார்ஃபின் கேட்டு யாரும் வரவேண்டாம். அமெரிக்காவில் இந்த வகை மருந்துகளை எல்லா வலிக்கும் அள்ளிக் கொடுத்து, பலர் அடிமையாகிப் பெரிய நாசமாகிவிட்டது. யாருக்கு, எவ்வளவு என்பதைப் பயிற்சி பெற்ற டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும். நீண்டநாள் மூட்டுவலிக்காரர்களுக்கு நம் உடற்பயிற்சி வகுப்பு சனிக்கிழமை தொடர்கிறது, அதற்கு வாருங்கள்.

அப்புறம் வரும் வருடத்து வேலை. நம் பகுதி மருத்துவமனைகளில் மார்ஃபின் வைத்திருக்க அந்த அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கத் தயாராக இருப்பவர்களைச் சந்தித்து, பயிற்சிக்கு ஒரு டாக்டரையாவது அனுப்பவைக்கவேண்டும். பயணச் செலவைச் சங்கம் ஏற்கலாம் என்ற தீர்மானத்தைச் செயற்குழு சார்பில் முன்மொழிகிறேன். வழிமொழிபவர் எழுந்து பெயர் சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன்.

செயலாளர்